கைக்கெட்டும் தூரத்தில் மணி

வரவில்லை. சூப்பை அள்ளிக் குடிப்பார்களே அது, தட்டுக்குப் பக்கத்தில் கிடக்குமே அது, பின்னால் சமையலறைச் சுவரில் வரிசையாகத் தொங்குகிறதே அது, அதன் பெயர் வரவில்லை. பிரெஞ்சில் வருகிறது. குய்யேர். காதுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு குய்யேர் குய்யேர் என்று கூப்பிடுவதுபோல அது மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. தமிழில் அந்த இடம் பல் விழுந்த ஈறுபோல வழவழவென்று காலியாக இருக்கிறது. கரண்டி. நமக்குத் தெரியும், பால் மறந்த பிள்ளைக்குத் தெரியும், கலிவரதனுக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் பிரெஞ்சுக்காரர்களைத் தமிழுக்குக் கூட்டிக்கொண்டு வருவதையே வேலையாக வைத்திருக்கிற மனிதர் அவர். நாவல்கள் போக, மூன்று பிரெஞ்சு எழுத்தாளர்களைப் பிறப்பிலிருந்து சவக்குழி வரைக்கும் தமிழில் எழுதி முடித்துவிட்டு, நாலாவது ஆளான கஸ்தோன் வெர்லியேயின் கடைசி அத்தியாயத்தில் உட்கார்ந்திருக்கிறார். முத்தியால்பேட்டையில் மாடி வீடு, ஜன்னலுக்கு நேரே மேசை, மேசைமேல் காலை வெயில். கீழே எவனோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்க்கிறான், அது கிளம்பமாட்டேன் என்கிறது. எழுத வேண்டிய வாக்கியம் மலையைப் பிளக்கிற வாக்கியம் ஒன்றும் இல்லை. வெர்லியே வீட்டு வேலைக்காரி ழெர்மேன் ஒரு பத்திரிகைக்காரனிடம் சொன்னது: நான் சூப்பை வைத்துவிட்டுப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் ஐயாவின் கையிலிருந்து அது நழுவித் தரையில் கிடந்தது. அந்த அதுதான் வரவில்லை. சரி, இதற்கெல்லாம் அவரிடம் ஒரு வழி உண்டு. சொல் சிக்காவிட்டால் முட்டிக்கொண்டு நிற்கமாட்டார், அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு மேலே போய்விடுவார். ஒரு நாள் கழித்து வந்து பார்த்தால் வட்டத்துக்குள் சொல் தானாக வந்து உட்கார்ந்திருக்கும், பசு வீட்டுக்கு வருகிற மாதிரி. போட்டார் ஒரு வட்டம். அடுத்தது தரை. அதுவும் வரவில்லை, இன்னொரு வட்டம். மேசைவிரிப்பு, வட்டம். ஆறிப்போன சூப்பின்மேல் படிந்திருந்த ஆடை, வட்டம். குளிர் என்பது மட்டும் வந்தது, அப்பாடா என்றிருந்தது. ஆனால் எழுதிவிட்டுப் பார்த்தால் எழுத்துகள் வரியைவிட்டுச் சரிந்து கீழே போய்க்கொண்டிருந்தன, சரிவில் விட்ட சைக்கிள் மாதிரி.

பொய் எதற்கு, முதல் வட்டத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இது அதுதான். போன தடவை முகம் மழிக்கும்போது வந்தது. கண்ணாடியில் வாயின் ஒரு ஓரம் தொங்கியது, நுரையோடு எச்சில் வழிந்தது, அவர் அதை வேறு யாரோ ஒரு ஆளின் முகம் என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, டிபன்கூடச் சாப்பிட்டார். மனைவி வேதவல்லிதான் விடாமல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். டாக்டர் சின்ன வயசுக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். இது நோட்டீஸ் சார், என்றார், அடுத்தது ஆளே வரும். வாய் குழறினாலோ, கை கனத்தாலோ, பேச்சு மாறினாலோ படுத்தால் சரியாகிவிடும் என்று படுக்கக்கூடாது, தண்ணீர் குடித்துப் பார்க்கக்கூடாது, உடனே வரவேண்டும், வந்தால் ஊசி இருக்கிறது, தாமதமாக வந்தால் ஊசியும் இல்லை நானும் இல்லை. அன்றைக்கே வேதவல்லி ஒரு பட்டன் போன் வாங்கிவந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அட்டை மாட்டிக்கொள்கிற நீலப் பட்டையில் அதைக் கோத்து அவர் கழுத்தில் மாட்டினாள். ஒன்றாம் நம்பரில் தன் நம்பரைப் போட்டு வைத்தாள். சொன்னாள், குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள், அவள் உயர்த்தாதபோதுதான் பயமாக இருக்கும்:

"பேச வராது. பேச வேணாம். ஒண்ண அழுத்திப் புடிங்க, எனக்கு மணி அடிக்கும். அடிச்சா நான் வந்துடுவன். வேற எதுவும் நீங்க செய்ய வேணாம்."

அந்தப் பட்டை ஒரு மாதிரி அரிக்கும். குனிந்து எழுதினால் போன் முன்னால் ஆடிவந்து காகிதத்தில் மோதும். கழுத்தில் மணி கட்டிய மாடு என்று சொல்லிக்கொண்டார், அதுவே கடுப்பாக இருந்தது. இன்றைக்குக் காலையில் அடுத்த தெருவில் வளைகாப்பு, வேதவல்லி போகமாட்டேன் என்றாள். நீ வாசலில் நின்றால் எனக்கு எழுத வராது, போய்ப் பலகாரம் தின்றுவிட்டு வா, என்று இவர்தான் துரத்தினார். சாப்பாட்டை எடுத்து மூடிவைத்து, குழம்புப் பாத்திரத்தின்மேல் அதை, அந்தப் பெயர் வராத அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கழட்டக்கூடாது, என்றாள். கழட்டல, என்றார். அவள் தெருமுனை திரும்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கழட்டி மேசைமேல் வைத்தார், தடித்த பிரெஞ்சு அகராதிக்குப் பக்கத்தில். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பட்டை சுருண்டு கிடக்கிறது. கையை நீட்டினால் தொடலாம். நீட்டவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு வெர்லியேயின் மணி ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்ன, அது எப்போது போயிற்று.

வெர்லியே செத்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும், அது பெரிய கதை இல்லை. வடக்கே கடலோரத்தில் சின்ன ஊர், குளிர்காலம், நடுப்பகல். அவர் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார். ழெர்மேன் சூப்பை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள், நடுவில் ஒரே ஒரு சுவர். மேசைமேல் பித்தளைக் கைமணி இருந்தது, மரக் கைப்பிடி போட்டது. ஏதாவது வேண்டுமென்றால் அடிப்பார், அவள் வருவாள், அதுதான் அந்த வீட்டுப் பழக்கம். அன்றைக்கு அடிக்கவில்லை. அவளாக வந்து பார்த்தபோது ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார், கண் திறந்திருந்தது, சூப் ஆறியிருந்தது. சட்டென்று போய்விடவில்லை, கொஞ்ச நேரமாவது விழித்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அப்புறம் ஏன் அடிக்கவில்லை. ழெர்மேன் சாகிற வரைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்: ஐயா அடிக்கவில்லை, அடித்திருந்தால் நான் வந்திருப்பேன். கலிவரதனுக்கு இந்த இடம்தான் முள். ஒரு மனிதன் எந்தத் தெருவில் பிறந்தான், யாரைக் காதலித்தான், எவனோடு சண்டை போட்டான் என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும், தேடித் தேடியே அவர் தலை நரைத்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மணியை ஒருவன் ஏன் அடிக்கவில்லை என்பது எங்கே தேடினாலும் கிடைக்காது. ஒரு தடவை பிரான்சுக்கே போனார். அந்த வீட்டை இப்போது காட்சிசாலை ஆக்கிவிட்டார்கள், அந்த நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள். காவல்காரப் பெண் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கயிற்றைத் தாண்டிப்போய் உட்கார்ந்துவிட்டார். வலது கையை நீட்டினார், மணி எட்டியது. இடது கையை நீட்டினார், அதுவும் எட்டியது. சும்மா தொட்டுவிட்டு வந்திருக்கலாம். அடித்தார். அது இவ்வளவு சத்தம் போடும் என்று அவர் நினைக்கவில்லை, மாடியில் இருந்தவர்கள் எல்லாம் கீழே எட்டிப் பார்த்தார்கள், காவல்காரப் பெண் ஓடிவந்து கண்டபடி திட்டினாள். இவர் திட்டு வாங்கிக்கொண்டே சந்தோஷமாக நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன, தெருவுக்கே கேட்டிருக்கும். ஆக அவர் வேண்டுமென்றேதான் அடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து ஒரு கூட்டத்தில் இதைத்தான் பேசினார். வெர்லியே மரணத்தை மறுக்கவில்லை, மணியை மறுத்தார், என்றார். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இரிசப்பன் மட்டும் தட்டவில்லை. காரைக்காலில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இவருக்குப் பழைய கூட்டாளி, கூட்டாளி என்பதாலேயே எதையும் மதிக்கமாட்டார். வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு சொன்னார்:

"யோவ் கலி, பாதி சூப்புல இருந்தவன்யா அவன். ஆறிடப் போவுதேன்னு பாத்திருப்பான். அதுக்குப் போயி தத்துவம் கட்டற."

அதோடு கொஞ்ச நாள் பேச்சே இல்லை. புத்தகம் முழுக்க முடிந்துவிட்டது, கடைசி அத்தியாயம் மட்டும் முடியவில்லை. சென்னையிலிருந்து பதிப்பாளர் கூப்பிட்டு, நிம்மதியாகக் கண் மூடினார் என்று ஒரு வரி போட்டு அனுப்புங்க சார், யாரு வந்து கேக்கப்போறா, என்றார். யாரும் கேட்கமாட்டார்கள், அது உண்மை. கலிவரதன் கேட்பாரே. மூன்று பேரைச் சாகடித்தவர் அவர், அதாவது எழுத்தில். ஒருவருக்கு நுரையீரல், ஒருவருக்குக் கடன்காரன் வீட்டு மாடிப்படி, ஒருவருக்கு வெறும் முதுமை. எல்லாருக்கும் கடைசிக் காற்று வரைக்கும் கூட இருந்து எழுதியிருக்கிறார். வெர்லியே மட்டும் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார். சரி, போனை எடுக்கலாம். எடுக்க வேண்டும் என்றுதானே யோசித்துக்கொண்டிருந்தோம். எடுக்கலாம் என்று வலது கையை நகர்த்தினார், கை நகரவில்லை. பேனா அதுபாட்டுக்கு விரலிலிருந்து கழன்று உருண்டு அகராதியில் போய் முட்டி நின்றது. கீழே பைக் இன்னும் கிளம்பவில்லை. கையைப் பார்த்தார். நல்ல கைதான், மைக்கறை படிந்த விரல், தங்கச்சி கல்யாணத்தில் போட்ட மோதிரம், எல்லாம் அவருடையதுதான். ஆனால் மீன் மார்க்கெட்டில் பலகைமேல் போட்டு வைத்திருப்பதுபோலக் கிடந்தது. இது யார் கை, என்று நினைத்தார். வேடிக்கைக்கு நினைக்கவில்லை, உண்மையிலேயே ஒரு கணம் தெரியவில்லை. அந்த ஒரு கணம்தான் பயங்கரம், அதற்கப்புறம் வருவதெல்லாம் அவ்வளவு இல்லை. சின்ன வயதில் துறைமுகப் பாலத்தின் ஓட்டை வழியாகக் கீழே கறுப்புத் தண்ணீரைப் பார்த்தபோது இருந்ததே அதேமாதிரி இருந்தது. அப்போது அப்பா கையைப் பிடித்திருந்தார். எந்தக் கையை. இந்தக் கையைத்தான்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. வேதவல்லி இல்லை, அவள் செருப்பைக் கீழேயே விட்டுவிடுவாள். தண்ணீர் கேன் போடுகிற முருகையன். கதவு திறந்துதான் இருந்தது. தோளில் கேனோடு வந்து, சத்தம் வராமல் இறக்கி, மூலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். ஆள் வந்துவிட்டது, இனி என்ன, என்று கலிவரதனுக்குத் தோன்றியது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வேதவல்லியைக் கூப்பிடு, என்று சொல்ல வேண்டும், இரண்டே சொல்லில் முடிகிற விஷயம். தலையைத் திருப்பினார். வாயைத் திறந்தார். சொல் எல்லாம் உள்ளே இருக்கிறது, தெளிவாக இருக்கிறது, வரிசையில் நிற்கிறது, கதவுதான் திறக்கவில்லை. ம், என்று ஒரு சத்தம் வந்தது. வெறும் ம். இந்த மாடியில் ஒரு சட்டம் உண்டு, கலிவரதனே போட்ட சட்டம்: அவர் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் பேசக்கூடாது. கேஸ்காரன், பால்காரம்மா, மாடி தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவன், எல்லாருக்கும் தெரியும். முருகையனே போன மாதம், பழைய கேனைக் கொடுங்க சார், என்று கேட்டதற்காகச் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டான், ஒரு வாக்கியத்தையே கொன்னுட்டியே பாவி, என்று இவர் கத்தினார், அவன் என்னமோ நிஜமாகவே எதையோ மிதித்துவிட்டதுபோலக் காலைத் தூக்கிப் பார்த்தான். இப்போது அவன் அந்த ம்-ஐக் கேட்டான். கலிவரதன் இடது கையைத் தூக்கினார், அது நன்றாகத்தான் வேலை செய்தது, வா, என்று ஆட்டினார். அவன் அதை, போ, என்று எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான், அந்தக் கை இத்தனை வருடமாக அவனிடம் சொன்னது அது ஒன்றைத்தானே.

"சரிங்க சார், சரிங்க சார், நீங்க எழுதுங்க," என்றான், கிசுகிசுப்பாக. காலிக் கேனை விரலால் கொத்தாகத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நடந்தான். போகும்போது, அதுவரை திறந்தே கிடந்த கதவை, சார் எழுதுகிறாரே என்று, பூ மாதிரிச் சாத்திவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் சத்தமெல்லாம் வெளியே போய்விட்டது. வெயில் மேசையின் நடுவுக்கு வந்திருந்தது. அப்பவும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை, இடது கை இருக்கிறது, போன் இருக்கிறது, அழுத்துவோம், இதோ அழுத்துவோம், என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. அழுத்தினால் வரவேண்டிய நிம்மதி, நினைத்ததற்கே வந்துவிட்டது. அதில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். ஆறிப்போன சூப்பின்மேல் ஆடை படிவதுபோல அந்த நிம்மதி மேலே படிந்தது, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இதோ அழுத்துவோம். திரும்பவும் அது. இதோ. அந்த இதோவில்தான் கலிவரதன் திடுக்கிட்டார். அட. இதுதானா. இவ்வளவுதானா. வெர்லியே மணியை மறுக்கவில்லை. ஒரு மண்ணையும் மறுக்கவில்லை. தத்துவமும் இல்லை, தற்கொலையும் இல்லை, கூட்டத்தில் கை தட்டினார்களே அது ஒன்றும் இல்லை. அந்த ஆள் அடிக்கத்தான் இருந்தார். இதோ அடிக்கிறேன் என்று நினைத்தார், நினைத்தது அடித்த மாதிரியே இருந்தது, அடுத்தும் நினைத்தார், சூப் ஆறியது, சுவருக்கு அந்தப் பக்கம் ழெர்மேன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், இதோ, இதோ என்றே போய்ச் சேர்ந்தார். இரிசப்பன் சொன்னது கிட்டத்தட்ட சரி. டீக்கடையில் நின்றுகொண்டு, உளுந்து வடையை மென்றுகொண்டு, கிட்டத்தட்ட சரியாகச் சொல்லிவிட்டான் அந்த ஆள். கலிவரதனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார், வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, இன்னொரு பக்கத்திலிருந்து எச்சில் இறங்கிச் சட்டையில் விழுந்தது. இதை யாராவது துடைத்துவிட்டால் நன்றாக இருக்கும். வேதவல்லி துடைப்பாள். வேதவல்லி இந்நேரம் யாரோ ஒரு பெண்ணின் கையில் வளையல் அடுக்கிக்கொண்டிருப்பாள், பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு, இடுப்பில் சொருகிய போனை நடுநடுவே தொட்டுப் பார்த்துக்கொண்டே. அது அடிக்கும், அடித்தால் எழுந்து ஓடலாம் என்று காத்துக்கொண்டு. ஐயா அடிக்கவில்லை, அடித்திருந்தால் நான் வந்திருப்பேன். இல்லை, அது ழெர்மேன். ஊசி இருக்கிறது, தாமதமானால் இல்லை. அது டாக்டர். யார் எதைச் சொன்னார்கள் என்பது கலைந்துகொண்டு வந்தது. இடது கையைப் பார்த்து, போ, என்றார், வாயால் இல்லை, உள்ளே. போயிற்று. மேசைமேல் தயங்கித் தயங்கி, நண்டு மாதிரி, அகராதியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பட்டையைத் தொட்டது. போனைத் திருப்பியது. கட்டைவிரல் ஒன்றாம் நம்பர்மேல் போய் உட்கார்ந்தது. பட்டன் மெத்தென்று இருந்தது. தெரிந்ததை எழுதாமல் போய்விடுவோமோ என்று ஒரு நினைப்பு நடுவில் வந்தது, ஆஸ்பத்திரி, ஊசி, அழுகை என்று ஆனபிறகு இந்த இதோ ஞாபகம் இருக்குமா, ஒரு வரி, ஒரே ஒரு வரி மட்டும் எழுதிவிட்டு, என்று. சீ, இதுவும் அதேதான், என்று அவரே அதைத் தள்ளினார். இந்தத் தடவை ஏமாறமாட்டோம். வெர்லியேவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும், தெரிந்தவன் ஏமாறமாட்டான். விரலை அழுத்தப் போனார்.

கரண்டி.

வந்துவிட்டது. எங்கிருந்தென்று தெரியவில்லை, சும்மா வந்து நின்றது, குழம்புப் பாத்திரத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தது, பளபளவென்று, கரண்டி. கரண்டி, கரண்டி. குய்யேர் ஓடியே போய்விட்டது. அவருக்கு உடம்பெல்லாம் வெதுவெதுவென்று ஆயிற்று, ஒன்றும் இல்லை, பார்த்தாயா, ஒன்றும் இல்லை, வார்த்தை திரும்பிவிட்டது, மற்றதும் பின்னாலேயே வரும், முகம் மழிக்கும்போது வந்தது போலத்தான் இதுவும். மறுபடி போய்விடுவதற்குள் வட்டத்துக்குள் போட்டுவிட வேண்டும், முதல் வட்டத்துக்குள். அதை மட்டும். கட்டைவிரல் பட்டனைவிட்டு எழுந்தது. அகராதியில் முட்டிக்கொண்டு கிடந்த பேனாவை இடது கை பொறுக்கியது. காகிதத்தில் வட்டங்கள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன, எது முதல் வட்டம் என்று தேடினார். கீழே பைக் கிளம்பிவிட்டது, தெருமுனை வரைக்கும் அதன் சத்தம் போனது. இதோ, என்று நினைத்துக்கொண்டார். போன் பக்கத்திலேயே இருந்தது, அவள் சொன்னதும் நன்றாகவே ஞாபகம் இருந்தது, பேச வேண்டாம், வேறு எதுவும் செய்ய வேண்டாம், ஒன்றை அழுத்திப் பிடித்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தாள். அவர் அழுத்தவில்லை.